ஆன்டுராஜ்: பொருளும் பயன்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போரும், இதழியல் படிக்கும் மாணவர்களும், திருமண அழைப்பிதழும் வரவேற்புக் கடிதமும் எழுதித் தருவோரும் இச்சொல்லைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, இப்போது தமிழ்ச் செய்திகளிலும் அவ்வப்போது தலைகாட்டும் இச்சொல்லுக்குத் தமிழில் ஒரே ஒரு நிகர்ச்சொல்லைத் தேடுவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் என்பது இதை எழுதுபவரின் கருத்து.

ஆன்டுராஜ் என்றால் என்ன?

ஒருவரை நடுவாகக் கொண்டு, அவரை வழக்கமாகச் சூழ்ந்திருப்பவர்களும் அவர் செல்லுமிடங்களுக்கு உடன் செல்பவர்களும் சேர்ந்த குழுவுக்கு ஆன்டுராஜ் என்று பெயர். உதவியாளர், மெய்க்காவலர், ஆலோசகர், ஒப்பனைக் கலைஞர், ஓட்டுநர், நெருங்கிய நண்பர், உறவினர் என யாரும் அதில் இருக்கலாம். ஊதியம் பெறுபவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடுவில் ஒருவர் இருக்க வேண்டும். மற்றவர்கள் அவரை முன்னிட்டே அங்கு இருக்க வேண்டும்.

ஆகவே கூட்டம் வேறு, இது வேறு. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் புகழ்பெற்ற நடிகர் ஒருவரைக் கண்டதும் ஓடிவந்து மொய்க்கும் நூறு பேரும் அவருடைய ஆன்டுராஜ் ஆக மாட்டார்கள். அவரோடு வந்து இறங்கி, எல்லாருடைய கைப்பேசிகளையும் வாங்கிப் பாதுகாப்பு அறையில் ஒப்படைத்து, அர்ச்சனைத் தட்டைச் சுமந்துகொண்டு, வழிவிலக்கி நடக்கும் ஐந்தாறு பேரே அந்தச் சொல்லுக்கு உரியவர்கள்.

இச்சொல் எப்படிப் பிறந்தது?

பிரெஞ்சு மொழியில் 'ஆந்தூரே' என்ற வினைக்குச் 'சூழ்தல்' என்று பொருள். அது 'ஆந்தூர்', அதாவது 'சுற்றுப்புறம்', என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. அதற்குள் இருக்கும் 'தூர்' என்பதற்குச் 'சுற்று' என்று பொருள். நாம் கொடைக்கானலுக்கு 'டூர்' போகிறோம் என்று சொல்லும்போது வரும் டூரும் இதே வேரைச் சேர்ந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இது முதலில் 'சூழல், சுற்றுப்புறம்' என்ற பொருளிலேயே வழங்கியது. சூழ்ந்திருக்கும் மனிதர்கள் என்ற பொருள் அதன் பிறகே ஆங்கிலத்தில் நிலைபெற்றது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சொற்பிறப்பு புதிதாகத் தோன்றாது. 'சுற்று' என்பதிலிருந்து 'சுற்றம்' பிறந்ததும், வடமொழியில் 'சுற்றிலும்' என்னும் பொருளுடைய 'பரி' என்ற முன்னொட்டுச் சேர்ந்து 'பரிவாரம்' உருவானதும் இதே நினைப்பில்தான். ஒன்றையொன்று பார்த்து எழுதாமலேயே மூன்று மொழிகளும், பெரியவரைச் சுற்றி வட்டமாக நிற்கும் மனிதர்களைக் கண்டு ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கின்றன.

இதை எப்படி உச்சரிப்பது?

ஆங்கிலத்தில் 'ஆன்-டு-ராஜ்' என்று, பிரித்தானிய வழக்கில் முதலசையையும் அமெரிக்க வழக்கில் கடைசி அசையையும் அழுத்தி, ஒலிப்பார்கள். பிரெஞ்சில் முதலசையின் 'ன்' தனி எழுத்தாக ஒலிக்காமல் மூக்கொலியாகவே கரைந்துவிடும். கடைசி ஒலி தமிழ் எழுத்தில் சரியாக அமையாது. 'ஜ்' என்பதை அழுத்தாமல் மென்மையாக உரசி ஒலித்தால் அதற்கு அருகில் வரும்.

நம்மூர் மாணவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆங்கில அகராதிகளில் சில, இக்கடைசி ஒலியைக் காட்ட 'இசட்', 'எச்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதுகின்றன. அழகர், தமிழ், பழங்காநத்தம் என்பவற்றை ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'ழ'கரத்துக்கு நாம் பயன்படுத்துவதும் அதே இரண்டு எழுத்துகள்தாம். எனவே அகராதியைப் பார்த்துவிட்டு 'ஆன்டுராழ்' என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிரெஞ்சு ஒலிக்கும் நம் ழகரத்துக்கும் எந்த உறவும் இல்லை.

தமிழில் எந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும்?

நடுவில் இருப்பவர் யார் என்பதைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரசரும் தெய்வமும் நடுவில் இருந்தால் 'பரிவாரம்' பொருந்தும். மூலவரைச் சுற்றியுள்ள சிறு தெய்வங்களைப் 'பரிவார தேவதைகள்' என்பது எல்லாக் கோயிலிலும் உள்ள வழக்கு. மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்க் குலதெய்வக் கோயில்களில் இதையே 'இருபத்தொரு பந்தி, அறுபத்தொரு சேனை' என்று எண்ணிச் சொல்வதையும் கேட்கலாம். அங்கே 'சேனை' என்பது போர்ப்படையைக் குறிப்பதைவிடச் சாமியோடு இருக்கும் கூட்டத்தையே குறிக்கிறது.

அமைச்சர், ஆட்சியர், வெளிநாட்டு விருந்தினர் ஆகியோரைப் பற்றிய செய்தியில் 'உடன் வந்த அதிகாரிகள்', 'உடன் வந்தோர்' என்று எழுதுவதே தூய்மையாகவும் தெளிவாகவும் இருக்கும். 'படை பரிவாரங்களுடன் வந்தார்' என்று எழுதினால் வாசகர் அதில் கேலியைக் கண்டுபிடிப்பார். எழுதுபவர் அதை விரும்பித்தான் எழுதினார் என்றால் ஆட்சேபம் இல்லை. 'புடைசூழ' என்பது அழகான சொல். 'அமைச்சர்கள் புடைசூழ முதல்வர் வந்தார்' என்று எழுதும்போது, சூழ்ந்தவர்கள் இருபுறமும் நிற்கும் காட்சியே கண்முன் வந்துவிடுகிறது. ஆனால் அது வினையடையாகவே நிற்கும். 'அவருடைய புடைசூழ' என்று பெயர்ச்சொல்லாக்க இயலாது.

செல்வர் அல்லது குடும்பத் தலைவர் நடுவில் இருந்தால் 'சுற்றம்' போதும். வள்ளுவர் 'சுற்றந்தழால்' என்று ஓர் அதிகாரமே வைத்து, 'சுற்றத்தால் சுற்றப் படஒழுகல் செல்வந்தான் பெற்றத்தால் பெற்ற பயன்' என்கிறார் (குறள் 524). செல்வம் பெற்றதன் பயன், சுற்றத்தார் தன்னைச் சுற்றியிருக்கும்படி நடந்துகொள்வதே என்பது இதன் கருத்து. 'சுற்றத்தால் சுற்றப்பட' என்று பெயரையும் வினையையும் அடுத்தடுத்து வைத்ததில், பிரெஞ்சுக்காரர் ஒரு சொல்லுக்குள் ஒளித்து வைத்தது வெளிப்படையாகவே தெரிகிறது.

மதுரையைப் பற்றிய பழைய இலக்கியத்தில் இதற்குச் சான்று உண்டா?

உண்டு, இதைவிடச் சிறந்த சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில், பாண்டியன் நெடுஞ்செழியனின் தேவி கோப்பெருந்தேவி தான் கண்ட தீய கனவைக் கணவனிடம் சொல்வதற்காக அரண்மனைக்குள்ளேயே நடந்து செல்கிறாள். அந்தச் சிறு தொலைவுக்கு அவளோடு செல்பவர்களை இளங்கோவடிகள் ஒவ்வொருவராக எண்ணிக் காட்டுகிறார்: 'ஆடி ஏந்தினர், கலன் ஏந்தினர்' (ஆடி, கண்ணாடி; கலன், அணிகலன்) என்று தொடங்கி, புத்தாடை ஏந்தினர், பட்டு ஏந்தினர், வெற்றிலைச் செப்பு ஏந்தினர், வண்ணம் ஏந்தினர், சுண்ணம் ஏந்தினர், கத்தூரிச் சாந்து ஏந்தினர், கண்ணி ஏந்தினர், பிணையல் ஏந்தினர், கவரி ஏந்தினர், தூபம் ஏந்தினர் என்று அந்த வரிசை நீள்கிறது. அதன் பிறகு, கூனும் குறளும் ஊமுமாகிய (கூனர், குள்ளர், ஊமையர்) குற்றேவல் இளைஞர் நெருங்கிச் சூழ்கின்றனர். நரை கலந்த கூந்தலையுடைய முதுமகளிர் பலர் வாழ்த்துகின்றனர். 'ஆயமும் காவலும் சென்று அடியீடு பரசி ஏத்த' அவள் போகிறாள். ஆயம் என்பது தோழியர் கூட்டம். காவல் என்பது காவலர்.

இப்பகுதியில் ஆன்டுராஜ் என்ற சொல்லின் எல்லா உட்பிரிவுகளும் அடங்கியுள்ளன. கையில் ஒரு பொருளை ஏந்திய பணிப்பெண்கள் செய்யும் வேலை இன்னதென்று தெரிகிறது. முதுமகளிர் செய்வது வேலை அன்று. இருந்து வாழ்த்துவதே அவர்கள் பங்கு. ஆயம் நட்பினால் இருப்பது. காவல் கடமையினால் இருப்பது. இவர்கள் அனைவரையும் சேர்த்து வைப்பது நடுவில் நடக்கும் ஒருத்தி மட்டுமே.

இன்னொன்றையும் கவனிக்கலாம். இத்தனை பேர் ஏந்திச் சென்றதைச் சொன்ன அதே காதையில், அரண்மனை வாயிலில் தனியே வந்து நிற்கும் கண்ணகி, வாயில்காவலனிடம் தன்னை 'இணையரிச் சிலம்பு ஒன்று ஏந்திய கையள்' என்று அறிவிக்கச் சொல்கிறாள். தேவிக்கு எல்லாவற்றையும் பிறர் ஏந்துகின்றனர். கண்ணகி தன் சிலம்பைத் தானே ஏந்துகிறாள். ஒருவரைச் சூழ்ந்து ஆள் இருப்பதும் இல்லாதிருப்பதும் என்ன சொல்லும் என்பதை 'ஏந்து' என்ற ஒரு வினையைக் கொண்டே அடிகள் காட்டிவிடுகிறார்.

ரெட்டினியூ, கோர்டேஜ், எஸ்கார்ட் ஆகியவையும் இதே பொருள் தருமா?

நெருங்கிய பொருள் தரும். ஆனால் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்கும்போது எச்சரிக்கை தேவை. இம்மூன்றும் பிரெஞ்சு வழியாகவே ஆங்கிலத்துக்கு வந்தவை. ரெட்டினியூ என்பது 'தன்னிடம் வைத்துக்கொள்ளுதல்' என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. ஆகவே அதில், சம்பளமோ மானியமோ கொடுத்து வைத்துக்கொள்ளப்பட்ட ஏவலர் என்ற குறிப்பு இன்னமும் இருக்கிறது. அரசரின் வெற்றிலைப் பையை ஏந்திய அடைப்பைக்காரர் ரெட்டினியூவில் சேர்வார். அரசரின் விளையாட்டுத் தோழர் ஆன்டுராஜில் சேர்வார்; ரெட்டினியூவில் சேர மாட்டார். பாண்டியரின் மெய்க்காவலராகச் சொல்லப்படும் தென்னவன் ஆபத்துதவிகளை எதில் சேர்ப்பது என்று கேட்டால், அரசனுக்காக உயிர்விடத் துணிந்தவர்களை ஊதியம் என்ற அளவுகோலால் மட்டும் அளக்க முடியாது என்பதால், இரண்டிலும் சேர்க்கலாம்.

கோர்டேஜ் என்பது இத்தாலிய மொழியில் அரசவையைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. அதற்கு 'ஊர்வலமாகச் செல்லும் கூட்டம்' என்று பொருள். இன்றைய ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் இறுதி ஊர்வலத்தையே குறிக்கிறது. எனவே மாப்பிள்ளை அழைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது இச்சொல்லைத் தொடாமல் இருப்பது நல்லது. எஸ்கார்ட் என்றால் வழித்துணைக் காவல். கான்வாய் வாகனங்களின் வரிசையைக் குறிக்கும். டெலிகேஷன் என்பது பிரதிநிதிகள் குழு. அதில் ஒவ்வொருவரும் பேசுவதற்கு உரிமை பெற்று வந்தவர்கள்.

இச்சொல்லில் இழிவான குறிப்பு உண்டா?

சொல்லில் இல்லை, சூழலில் வரலாம். ஆங்கிலச் செய்தியில் ஒரு குத்துச்சண்டை வீரரோ பாடகரோ ஆன்டுராஜுடன் வந்தார் என்று எழுதினால், தேவைக்கு மிஞ்சிய ஆட்களோடு ஆடம்பரமாக வந்தார் என்ற மெல்லிய குத்தல் பெரும்பாலும் இருக்கும். மொழிபெயர்ப்பவர் அந்தக் குத்தலின் அளவை அறிந்து அதே அளவில் தமிழில் தர வேண்டும். தமிழில் இழித்துரைக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை என்பதே இங்குள்ள ஆபத்து. எடுபிடி, கைத்தடி, அல்லக்கை, ஜால்ரா ஆகிய நான்கும் ஒரே தரத்தவை அல்ல. எடுபிடி சிறு வேலைகளுக்கு ஓடுபவர். அச்சொல்லில் இரக்கமும் கலந்திருக்கும். கைத்தடி என்றால் பெரியவரின் பலத்தில் நிற்பவர் என்ற குறிப்பு உண்டு. ஜால்ரா வாயால் மட்டும் பணி செய்பவர். அல்லக்கை மதுரைத் தேநீர்க் கடைகளில் தாராளமாக வழங்கினாலும் எழுத்தில் வசையாகிவிடும்.

'அடிப்பொடி' என்பதன் நிலை இன்னும் வினோதமானது. அடியார்களின் திருவடித் தூளி என்று ஆழ்வார் ஒருவர் விரும்பி ஏற்ற பெயர் தொண்டரடிப்பொடி. அதே அடிப்பொடி இன்றைய அரசியல் பேச்சில் ஏளனச் சொல்லாகிவிட்டது. மொழிபெயர்ப்பில் இதைத் தவிர்ப்பதே மரியாதை.

கள்ளழகர் மதுரைக்கு வரும்போது உடன் வருவோர் அனைவரையும் இச்சொல்லால் குறிக்கலாமா?

சித்திரைத் திருவிழாவை வெளிநாட்டு வாசகருக்கு ஆங்கிலத்தில் விளக்குவோர் இதைக் கேட்கிறார்கள். பதினெட்டாம்படிக் கருப்பசாமி சந்நிதியில் உத்தரவு பெற்று, கள்ளர் திருக்கோலத்தில் பல்லக்கில் புறப்படும் அழகர், அழகர்கோயிலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வழிநெடுக மண்டகப்படிகளில் தங்கித் தங்கி மதுரைக்கு வருகிறார். அவரோடு புறப்படும் பட்டர்கள், பல்லக்கைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகள், குடையும் தீவட்டியும் பிடிப்போர், உண்டியல் வண்டிகளோடு வருவோர், கோயில் பணியாளர், காவலர் ஆகியோரைப் பரிவாரம் எனலாம். ஆங்கிலத்தில் ரெட்டினியூ என்றால் இன்னும் நன்றாக அமையும், ஏனெனில் இவர்களுள் பலருக்கு வழிவழியாக வந்த பணியுரிமை இருக்கிறது.

மூன்றுமாவடியிலும் தல்லாகுளத்திலும் எதிர்சேவை செய்யும் மக்களை அவ்வாறு குறிப்பது தவறு. அவர்கள் உடன் வந்தவர்கள் அல்லர், எதிர்கொண்டு அழைப்பவர்கள். மண்டகப்படிதாரர்கள் விருந்தோம்புபவர்கள். தோல்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சும் பக்தர்கள் தங்கள் நேர்த்திக்கடனைச் செலுத்துபவர்கள். வைகையில் தங்கக் குதிரையைக் காண நிற்கும் பல லட்சம் பேரையும் ஆன்டுராஜ் என்று எழுதினால், படிப்பவருக்கு விழாவும் புரியாது, சொல்லும் புரியாது.

மீனாட்சி திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து சுப்பிரமணிய சுவாமியும், தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வருகின்றனர். இவர்களை மீனாட்சியின் பரிவாரம் என்று ஓர் ஆங்கிலக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டால், கூடாது. அவர்கள் தம்மளவில் நடுநாயகமானவர்கள். தத்தம் பரிவாரத்தோடு வரும் உறவினர்கள்.

திருமண அழைப்பிதழில் இதைப் பயன்படுத்தலாமா?

தமிழ் அழைப்பிதழில் தேவையே இல்லை. 'தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்' என்று மதுரை அச்சகங்கள் தலைமுறைகளாக அச்சிட்டுவரும் தொடரில், அழைக்கப்படும் ஒவ்வொருவரையும் நடுவில் நிறுத்திச் சூழ ஆள் வைத்துவிட்ட பெருந்தன்மை இருக்கிறது. ஆங்கில அழைப்பிதழில் இத்தொடரை மொழிபெயர்க்க ஆன்டுராஜைப் பயன்படுத்தினால், விருந்தினரைப் பார்த்து 'உங்கள் ஆட்களோடு வாருங்கள்' என்பது போலாகிவிடும். 'குடும்பத்தாருடனும் நண்பர்களுடனும்' என்பதே போதும்.

பிலிப்பைன்ஸ் நாட்டு ஆங்கிலத்தில் மட்டும், மணமக்களோடு நடந்துவரும் தோழர், தோழியர், சிறுவர், ஆசி தரும் பெரியோர் ஆகியோரின் வரிசைக்கே இது பெயர். அங்கே பணிபுரியும் உறவினரிடமிருந்து அழைப்பு வந்து, அதில் நீங்கள் ஆன்டுராஜில் இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தால், அது பெருமைக்குரிய அழைப்பு. தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வரும் நம்மூர் வரிசையை அந்நாட்டவருக்கு விளக்கவும் இச்சொல் உதவும்.

நோயாளியின் உடனிருப்பவரையும் இச்சொல் குறிக்குமா?

பிரெஞ்சில் குறிக்கும். அம்மொழியில் ஒருவரின் ஆந்துராஜ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய குடும்பத்தாரும் நெருங்கியவர்களும்தான். பகட்டு அதில் இல்லை. நோயாளியின் ஆந்துராஜிடம் மருத்துவர் பேசினார் என்பது அங்கே இயல்பான வாக்கியம். ஆங்கிலத்துக்கு வந்தபோது பெரிய மனிதர், ஏவலர் என்ற பக்கம் கனத்துவிட்டது. பிரெஞ்சிலிருந்து நேரே மொழிபெயர்ப்பவர்கள், குறிப்பாகப் புதுச்சேரி ஆவணங்களைக் கையாள்பவர்கள், இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. 'வீட்டார்', 'நெருங்கியவர்கள்', 'உடனிருப்பவர்' ஆகியவற்றில் ஒன்றே அங்கே சரியாக இருக்கும். பரிவாரம் என்ற சொல்லும் இதே போல் இரு முகம் உடையது: இந்தியில் 'பரிவார்' என்றால் குடும்பம், தமிழில் பரிவாரம் என்றால் ஏவலரும் உடன்வருவோரும்.

விளையாட்டுச் செய்திகளில் இது என்ன பொருளில் வருகிறது?

பன்னாட்டு ஒலிம்பிக் குழுவில் வீரர்களின் ஆன்டுராஜுக்கென்றே ஓர் ஆணையம் உள்ளது. பயிற்சியாளர், மேலாளர், முகவர், மருத்துவர், உடலியக்க மருத்துவர், பெற்றோர் என வீரருடைய விளையாட்டு வாழ்வோடு தொடர்புடைய அனைவரும் அங்கே இதில் அடங்குவர். ஊக்கமருந்து விவகாரங்களில் இவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதால், இது அங்கே கிட்டத்தட்டக் கலைச்சொல்லாகிவிட்டது. 'வீரரின் துணைக்குழு' என்று தமிழில் எழுதலாம்.

நடுவில் இருப்பது மனிதராகத்தான் இருக்க வேண்டுமா?

தேவையில்லை. அலங்காநல்லூர் வாடிவாசலுக்குப் பேர்போன காளை ஒன்று, உரிமையாளர், மூக்கணாங்கயிறு பிடிப்பவர், ஊர் இளைஞர் என்று பலர் சூழ வந்து இறங்கினால், அவர்களைக் காளையின் ஆன்டுராஜ் என்று ஆங்கிலத்தில் எழுதலாம். வாசகர் புன்னகைப்பார், காளை வளர்ப்பவர் அதில் தவறு காண மாட்டார்.

கட்டடக்கலை மாணவர்கள் சொல்லும் ஆன்டுராஜ் வேறா?

வேறுதான். கட்டட வரைபடத்தில், கட்டடத்தைச் சுற்றி வரையப்படும் மரம், மனிதர், வாகனம், விளக்குக் கம்பம் ஆகியவற்றுக்கு அத்துறையில் இப்பெயர். சொல்லின் முதற்பொருளான 'சுற்றுப்புறம்' அங்கே உயிரோடிருக்கிறது. இங்கே 'பரிவாரம்' என்று மொழிபெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். 'சூழல் உருக்கள்' என்று எழுதலாம், அல்லது ஆன்டுராஜ் என்றே விட்டுவிடலாம்.

ஒரே ஒருவர் உடன் வந்தால்?

துணை, உதவியாளர், உடன் வந்தவர் என்று எழுதுக. ஒருவரைக் கொண்டு சூழ முடியாது.

இது ஒருமையா, பன்மையா?

ஆங்கிலத்தில் இது தொகுதிப் பெயர். அமெரிக்க வழக்கில் ஒருமை வினையும், பிரித்தானிய வழக்கில் சில வேளை பன்மை வினையும் பெறும். தமிழில் கவனமாக இருக்க வேண்டும். 'பரிவாரம் வந்தது' என்று எழுதினால் இலக்கணம் சரி; ஆனால் மனிதர்களை அஃறிணையாக்கும் ஒலி அதில் இருக்கிறது. தெய்வ ஊர்வலத்திலும் பழங்கதையிலும் அது உறுத்தாது. இன்றைய மனிதர்களைப் பற்றிய செய்தியில் 'பரிவாரத்தினர் வந்தனர்', 'உடன் வந்தோர் தங்கினர்' என்று உயர்திணைப் பன்மையில் முடிப்பதே பொருந்தும். 'அமைச்சரும் அவருடைய பரிவாரமும் வந்தனர்' என்ற வாக்கியத்தில் உயர்திணை எழுவாயும் அஃறிணை எழுவாயும் கலந்து நிற்பதால் வினைமுற்று தடுமாறுகிறது. 'அமைச்சரும் உடன் வந்த அதிகாரிகளும் மதியம் மதுரை விமான நிலையத்தில் வந்திறங்கினர்' என்று எழுதினால் அந்தத் தடுமாற்றமே எழாது.